அணைக்காதீர்கள், ஆட்டம் நடக்கிறது

பழைய கேம் மெஷின் வாங்கி விற்கும் தொழிலில் வாய்தான் முதல். அந்த வாயாலேயே கெட்டவர்கள் இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குக் கல் யானை விற்றுப் பேரம் படித்தேன். இப்போது புதுப்பட்டினம் மார்க்கெட்டில் கடை. மெஷின் விற்பேன், வாங்குவேன், மணிக்கு இவ்வளவு என்று ஆடவும் விடுவேன். கோபம் மட்டும் இலவசம்.

மெமரி கார்டு போன கதை

கடை திறந்த புதிதில் செங்கல்பட்டில் ஒருவர் வீடு காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவரிடம் ஒரு கேம் மெஷினும் கிரிக்கெட் டிஸ்க்கும் இருந்தன. அந்த ஆட்டம் கடைகளுக்கு வந்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. வெயிலில் நின்று இரண்டு மணி நேரம் பேசினேன். அவர் இறங்க இறங்க நான் இன்னும் இறக்கினேன். கடைசியில் எல்லாம் முடிந்து மெஷினைத் தூக்கிய பிறகும் வாய் சும்மா இல்லை. "பஸ்ஸுக்கு ஒரு ஐம்பது குறைச்சிக்கோ" என்றேன்.

ஆடிய ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்கிற மெமரி கார்டு மெஷினில் செருகி இருந்தது. அவர் அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ ஐம்பது குறைச்ச, நான் இதைக் குறைச்சிக்கினேன். கெளம்பு."

முந்நூறு அடித்தும் முகம் சுளித்தவள்

லோகநாயகி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். புதுப்பட்டினத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் நாள் பூராவும் ஓட்டம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சவாரி மந்தம் என்பதால், கடைக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வந்து ஆடுவாள். இந்த வருஷத்துப் புது கிரிக்கெட் ஆட்டம்தான் எல்லோருக்கும் பிடிக்கும். பந்து எங்கே குத்தும் என்று தரையில் வட்டம் போட்டே காட்டுகிறான். பட்டனைத் தட்டினால் சிக்ஸர், மேலே வாணவேடிக்கை.

ஒரு நாள் இருபது ஓவரில் முந்நூற்றுப் பன்னிரண்டு அடித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கடையில் உட்கார்ந்து, என் மெஷினில் ஆடி, கொட்டாவியா? "இன்னாம்மா, ஜெயிச்சும் மூஞ்ச தூக்கிகினு கீற?" என்றேன்.

ரிமோட்டைக் கீழே வைத்தாள். "இதுல தோக்கறதுதான் அண்ணாத்த கஷ்டமா கீது. தோக்கற மாதிரி ஏதாச்சும் பழசு வச்சிகிறியா?"

காக்கா செய்த வேலை

பரணிலிருந்து செங்கல்பட்டு மெஷினை இறக்கினேன். அதிலே வட்டமும் கிடையாது, வாணவேடிக்கையும் கிடையாது. பந்தின் நிழல் ஒன்றுதான் அடையாளம். ஆட்டக்காரர்கள் முகமெல்லாம் செங்கல் மாதிரி இருக்கும். பட்டனை ஒரு முடியளவு முந்தித் தட்டினால் பின்னால் நிற்கிறவன் கையில் கேட்ச். அதிலும் ஆகக் கடினமான லெவலில் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தைத் தோற்காமல் முடித்தவனை நான் பார்த்ததில்லை. நானே முடித்ததில்லை, வெளியில் சொன்னதில்லை.

கார்டு இல்லாததால் சேமிக்க முடியாது. ஓர் உட்காரலில் ஆடித் தீர்க்கவும் முடியாது, நாலைந்து மதியம் பிடிக்கும். ஒரே வழி, ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு மெஷினை அணைக்காமல் விடுவது. இதில் இன்னொரு சிக்கல். பழைய மெஷின்களைச் சேகரிக்கிற சென்னைக்காரர் ஒருவர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். விலை படிந்தால் அன்றைக்கே எடுத்துப் போய்விடுவார். "அதுக்குள்ள முடிச்சிட்றேன்" என்று திங்கட்கிழமை ஆரம்பித்தாள் லோகா. ரெண்டு மணிக்கு டிரான்ஸ்பார்மரில் ஒரு காக்கா உட்கார்ந்தது. டப் என்று எல்லாம் போய்விட்டது.

பக்கத்து சீட்டில் அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். கோபத்தில் அவர் மேல் பாய்ந்தேன். "ஊருக்கே கரண்டு குடுக்கற எடத்துல வேல பாக்கறீங்க, இங்க ஒரு டிவி ஓட வழி இல்ல!"

அவர் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் அங்கன கேன்டீன்ல இருக்கேன் அண்ணாச்சி. கரண்டு நின்னா எங்க இட்லியும் நிக்கத்தான் செய்யும்."

விட்ட பந்துகள்

கடையில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் உண்டு. ஒரு ஃபேன் ஓடும், அவ்வளவுதான். என் தலைக்கு மேல் ஓடிய ஃபேனைப் பிடுங்கிவிட்டு அந்த இணைப்பை மெஷினுக்குக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அட்டையில் 'அணைக்காதீர்கள், ஆட்டம் நடக்கிறது' என்று எழுதி ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை மறுபடி முதலிலிருந்து.

எதிரணி அறுநூறு சொச்சம் குவித்தது. லோகாவின் அணி புதன்கிழமை நூற்று நாற்பதில் சுருண்டது. வியாழக்கிழமை இரண்டாவது முறை ஆட இறங்கினாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் அடிக்கவே இல்லை. பந்து ஸ்டம்புக்கு வெளியே போனால் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டே தட்டாமல் இருந்தாள். மெஷின் ஆசை காட்டும். ஐந்து பந்தை வெளியே போட்டு ஆறாவதை உள்ளே திருப்பும். அந்த ஆறாவதுக்கு மட்டும் விரல் அசையும். இப்படியே நூறு பந்து, இருநூறு பந்து. நான் சட்டை நனைய வேர்த்துக்கொண்டு பின்னால் நின்றேன். கல் யானை விற்ற காலத்திலிருந்து, எதிராளி வாய் திறந்தால் பதிலடி கொடுக்காமல் விட்டதில்லை நான்.

"எப்படிம்மா கைய அடக்கற?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"திருக்கழுக்குன்றம் ரோட்டுல பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சிகினு பின்னாலயே வருவான். அவன்கூட நான் இன்னா ரேஸா வுடுவேன்? ஓரமா ஒதுங்கி வுட்டுட்டு, நம்ம சவாரிய பாத்துகினு போவேன்."

சனிக்கிழமை

கண்ணாடி போட்ட சென்னைக்காரர் இரண்டு மணிக்கு வந்தார். லோகாவுக்கு இன்னும் பதினோரு ஓவர் பாக்கி, ஒன்பது பேர் அவுட். ஒரு விக்கெட் போனால் தோல்வி. ஓவர்கள் தீரும் முன் மெஷினை அணைத்தாலும் ஆட்டம் போச்சு.

"கார்டு இல்ல, மூடியில கீறல். பாதி விலைதான் தருவேன்" என்று ஆரம்பித்தார். வேறு நாளாக இருந்தால் அவரைப் பஸ் ஸ்டாண்டு வரை துரத்தியிருப்பேன். ஆனால் திரையில் வேகப்பந்துக்காரன் ஓடி வந்துகொண்டிருந்தான். கையை மட்டும் உயர்த்தினேன், சும்மா இரும் என்று. அவர் இரண்டு ஓவர் சும்மா இருந்துவிட்டு, "சரி, முக்கால்" என்றார். நான் திரும்பவில்லை. "சரிங்க, நீங்க போன்ல சொன்ன விலையே" என்று இறங்கி வந்தார். பந்து ஸ்டம்பை உரசுகிற மாதிரி போனது, லோகா விட்டாள். "மேல ஆயிரம்!" என்றார் அவர். அது என் காதில் விழுந்தது. ஆனால் வேறு ஏதோ கடையில் யாரோ யாருக்கோ சொல்வது போல இருந்தது.

கடைசி ஓவர். ஐந்து பந்து வெளியே, ஐந்தையும் விட்டாள். ஆறாவது உள்ளே திரும்பியது. ஒரு தட்டு. பந்து அந்தச் செங்கல் முகக்காரனின் காலடியில் செத்து விழுந்தது. அவ்வளவுதான். இரண்டு அணியும் கை குலுக்கிக்கொண்டன. மூலையில் சின்ன எழுத்தில் டிரா என்று வந்தது. வாணவேடிக்கை இல்லை, பாட்டு இல்லை. திருநெல்வேலிக்காரர் எழுந்து நின்றிருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது.

சென்னைக்காரர் இரண்டு மடங்கு விலை சொன்னார். ஸ்விட்சைப் பார்த்தேன். விற்பதென்றால் அதை அணைக்க வேண்டும், அந்தச் சின்ன எழுத்து மறைந்துவிடும். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பையை எடுத்துத் தோளில் போட்டார். "முப்பது வருஷமா பழைய சாமான் வாங்குறேன். இப்படி ஒரு பேரக்காரனை நான் பார்த்ததே இல்ல சார்!"

அவர் போன பிறகு லோகா ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என் சட்டையைப் பார்த்தாள், நின்றுபோன ஃபேனைப் பார்த்தாள். "அணைச்சிட்டு ஃபேன போடு அண்ணாத்த, ஊத்துது பாரு. திங்கக்கெழம புதுசா ஆரம்பிக்கலாம், இந்த வாட்டி ஜெயிக்கப் பாக்கறேன்."

என் ஆயுசிலேயே நான் பேசிய உசத்தியான பேரம் வாயே திறக்காமல் பேசியதுதான், அதிலும் சரக்கு என்னவோ இன்னும் என் கடையிலேயேதான் இருக்கிறது.