டாலர் துரையின் முகம்

இம்ரிக் ஹுதாக்குக்கு மனதுக்குள்ளிருந்து எதையும் எடுத்து வரைய வராது. பத்திரிகைக்குக் கேலிப்படம் போடுகிறவனுக்கு இது சின்னக் குறையா? குதிரை வரைய வேண்டுமானால் பால்காரரின் கிழட்டுக் குதிரை முன்னால் போய் நிற்பான். நீதிபதி வேண்டுமானால் ஞாயிறு பூசையில் பாதிரியாரின் மூக்கைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வைத்துக்கொள்வான். எங்கள் ஆஷ்பி ஃபெரியில் அவன் பென்சிலுக்கு அகப்படாத ஆட்கள் குறைவு. தன் மூக்கைப் படத்தில் கண்டுபிடித்தவர்கள் ஒன்று அவனுக்கு பீர் வாங்கிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் சட்டையைப் பிடிப்பார்கள்.

பகலில் எஃகு ஆலையின் சரக்குக் கொட்டகையில் வேலை. மாலையில் 'உழைப்பாளி'க்குப் படம். தொழிற்சங்கம் நடத்திய வாரப் பத்திரிகை அது, வியாழக்கிழமைதோறும் வரும். ஆலையில் எங்களைப் போன்ற ஸ்லோவாக்கியர்கள், போலந்துக்காரர்கள், இத்தாலியர்கள், தெற்கிலிருந்து வந்த கறுப்பர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். ஒருவர் எழுத்து அடுத்தவருக்குத் தெரியாது. பாதிப் பேருக்கு எந்த எழுத்துமே தெரியாது. ஆனால் டாலர் குறி தெரியாத ஆள் கிடையாது. சம்பள உறையில் முதலில் இருப்பது அதுதானே.

பத்திரிகையின் ஆசிரியர் காஷ்பர் கெட்டிக்காரர். "நீ என்ன வேணாலும் வரைஞ்சுக்க இம்ரிக். பணக்காரன் வயித்துல மட்டும் அந்தக் குறியப் போட்டுரு. மத்தத நம்ம ஆளுங்க புரிஞ்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்படிப் பிறந்தவர்தான் டாலர் துரை. உயரத் தொப்பி, வாயில் சுருட்டு, பானை வயிறு, வயிற்றின் மேல் கொட்டையாக ஒரு டாலர் குறி. இதெல்லாம் நாட்டிலுள்ள எல்லாக் கேலிப்படக்காரர்களும் போடுவதுதான். முகம் மட்டும் அவரவர் பாடு. இம்ரிக்குக்கு ஒரு தடித்த முகம் தேவைப்பட்டது. ஆலை முதலாளி எங்கள் சந்துக்கு வந்து உட்கார்ந்து காட்டுவாரா? கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே குண்டு மனிதர் அவனுடைய அண்ணன் மத்துஷ்.

மத்துஷ் கசாப்புக்கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் அப்பாவோடு கப்பலிலிருந்து இறங்கியபோது மத்துஷுக்கு மீசை அரும்பியிருந்தது, இம்ரிக்குக்குப் பால்பல்கூட விழவில்லை. அம்மா அதற்கு முன்பே சொந்த ஊரில் இறந்துவிட்டாள். அப்பாவை வந்த வருடமே ஆலை விழுங்கியது. அன்றிலிருந்து தம்பியைக் குளிப்பாட்டி, அடித்து, ஊட்டி வளர்த்தது மத்துஷ்தான். கறி மடிக்கும் இளஞ்சிவப்புக் காகிதத்தில்தான் இம்ரிக் வரையப் பழகினான். அவன் எழுதப் பழகிய முதல் குறியும் டாலர் குறிதான். விலை அட்டை எழுதும்போது மத்துஷ் தம்பியின் கையைப் பிடித்து, மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் இரண்டு கோடு என்று போட வைப்பார். கீழ்க்கொக்கியின் நுனியைப் பன்றிவால் மாதிரி ஒரு சுழி சுழித்து விடுவார். அந்தச் சுழி அப்படியே தம்பியின் கைக்கும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கோசு சூப்பும் கசகசா ரொட்டியும் ஆன பிறகு மத்துஷ் நாற்காலியில் சாய்ந்து காட்டுவார். அவர் மனைவி பவ்லினா அவருடைய வெள்ளை ஏப்ரனில் அடுப்புக்கரியால் டாலர் குறி போட்டு விடுவாள். சுருட்டுப் பழக்கமே இல்லாத மனிதரின் வாயில் ஒரு கேரட் துண்டைச் செருகுவார்கள்.

"அண்ணே, கண்ண இடுக்கு. ஏழைய பாக்குற மாதிரி பாரு."

"ஏழைய பாக்கணும்னா கண்ணாடியக் கொண்டாடா."

"சிரிக்காத! வயிறு குலுங்குது, குறி கோணிக்கிட்டுப் போகுது."

"இம்ரி, என் புருஷன உலகத்துலயே பெரிய பணக்காரனா ஆக்கிட்ட. எனக்கு ஒரு கம்பளிக் கோட்டாவது வரைஞ்சு குடேன்" என்பாள் பவ்லினா அடுப்படியிலிருந்து.

ஊருக்கும் இது ஒரு வேடிக்கை. "துரை, அரைப் பவுண்டு ஈரல் போடுங்க" என்பார்கள் பெண்கள். பிள்ளைகள் அவர் வயிற்றில் விரலால் குத்திவிட்டு ஓடும். கல்யாணத்தன்றுகூடப் படம் பிடித்துக்கொள்ளாதவர் அவர். பவ்லினா ஒரு போட்டோவுக்காகக் கெஞ்சும்போதெல்லாம், "போட்டோ என்னத்துக்குடி? வாராவாரம்தான் பேப்பர்ல வர்றேனே" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்களும் கூடச் சிரித்திருக்கிறோம்.

ஒரு கோடையில் வேலைநிறுத்தம் வந்தது. இம்ரிக்கும் கொட்டகையை விட்டு வெளியே வந்து மற்றவர்களோடு ஆலை வாசலில் நின்றான். முதலில் எல்லாம் பாட்டும் கொடியுமாகத்தான் இருந்தது. நாள் போகப் போக வீடுகளில் அடுப்பு அணைந்தது. மாதா கோயில் நிலவறையில் ஒரு பெரிய அண்டாவில் சூப்பு காய்ச்சிப் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். அதில் மிதந்த எலும்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. விடிவதற்கு முன்னால் பவ்லினா கூடையில் மூடிக் கொண்டுபோய்ப் பின்வாசலில் வைப்பாள். மத்துஷ் அதை வெளியே சொல்லக்கூடாது என்று தம்பியிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். "பசியில இருக்கவன்கிட்டப் போயி இது என் எலும்புன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

கம்பெனி வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கி ஆலைக்குள்ளேயே படுக்க வைத்து வேலை வாங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். மதியவேளையில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கறி வறுக்கும் வாசனை வந்தது பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்தப் பக்கம் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றன. யாரோ உள்ளே கறி அனுப்புகிறார்கள். யார்? காஷ்பர் மேசையைத் தட்டினார். "இத விடக்கூடாது. இந்த வாரம் முதல் பக்கம். துரை கறி குடுக்குற மாதிரி போடு."

இம்ரிக் போட்டான். ஆலை வாசலில் டாலர் துரை நிற்கிறார், கழுத்தில் மாலை மாலையாகத் தொங்கும் கறி அடைத்த சாசேஜ்கள், உள்ளே இருக்கிறவர்களுக்கு அள்ளி அள்ளி ஊட்டுகிறார். நல்ல படம், யாரும் மறுக்க முடியாது. அண்ணனை உட்கார வைத்து வரைந்த காலம் போய் வருடங்களாகியிருந்தன. அந்த முகம் அவன் விரலிலேயே குடியிருந்தது. அது அண்ணனின் முகம் என்பதையே அவன் மறந்திருந்தான். ஒரு கசாப்புக்கடைக்காரரின் முகத்தை வைத்து, அதன் கழுத்தில் சாசேஜைத் தொங்கவிட்டு, ஊரையே பார்க்கச் சொல்லியிருக்கிறோம் என்பது அந்த மடையனுக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மத்துஷ் கடையின் கண்ணாடி முழுவதும் தாரால் ஒரு டாலர் குறி. கீழ்க்கொக்கியில் பன்றிவால் சுழி.

இம்ரிக் மூச்சிரைக்க ஓடி வந்தபோது மத்துஷ் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தார் போகாமல் இன்னும் அகலமாக இழுபட்டிருந்தது.

"யாரோ நம்ம சுழிய நல்லாப் பழகியிருக்கான்டா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

"அண்ணே, சத்தியமா நான் உன்ன நெனச்சு வரையல."

"தெரியும். நெனச்சிருந்தா வரைஞ்சிருக்க மாட்ட."

இம்ரிக் சங்கக் கட்டடத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினான். எங்கள் ஆட்கள் விடுவார்களா? "நீதானய்யா வரைஞ்ச! இப்ப அண்ணன்னு வந்துட்டியா?" என்றார்கள். "வீட்டுக்குள்ள இருக்கவனுக்குத் தெரியாதா, அதான் உண்மையப் போட்டுட்டான்" என்று அவனுக்கே பாராட்டு வேறு. கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை.

வார்த்தை எடுபடாத இடத்தில் படம் எடுபடும் என்று நம்பினான், அவன் தொழில் அப்படி. காஷ்பரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அடுத்த வியாழக்கிழமையின் முதல் பக்கத்தை வாங்கினான். அண்ணனிடம் கொடுத்த சத்தியத்தையும் மீறினான். தொப்பி இல்லை, சுருட்டு இல்லை, வயிற்றில் குறி இல்லை. மத்துஷ் அண்டா அருகே நின்று எலும்பைப் போடுகிறார், சுற்றிலும் பிள்ளைகள் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். கீழே அண்ணனின் பெயரையும் எழுதினான்.

பெயரை எத்தனை பேர் படித்தார்கள்? முகத்தை எல்லாரும் படித்தார்கள். அந்த முகத்துக்கு இனிமேல் குறி எதற்கு? குறியே அந்த முகம்தானே. "பாத்தியா, துரை வேஷத்தக் கழட்டிட்டு சூப்புல எலும்பப் போட்டு நம்மள வாங்கப் பாக்குறான்" என்று சந்து முழுக்கப் பேச்சு. மத்தியானம் பெண்கள் நிலவறைக்குள் போய்க் கொதிக்கிற அண்டாவை இரண்டு கம்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்தன.

மத்துஷ் கடையை விட்டு வெளியே ஓடி வந்தார். "அம்மா, வேண்டாம்மா! என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. கடைய வேணா கொளுத்துங்க. சூப்ப ஊத்தாதீங்க, பிள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்குதுங்க!"

"உன் எலும்ப நீயே நக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். அண்டாவை அவர் வாசற்படியில் சாய்த்துவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் குனிந்து கல்லிடுக்கில் கிடந்த கேரட்டை எடுத்தாள். அவள் அம்மா அதைத் தட்டிவிட்டாள். மத்துஷ் கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். இம்ரிக் தெருமுனையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

உள்ளே போன கறி நகரத்திலிருந்து கம்பெனியின் சொந்த ரயில்பெட்டியில் வந்தது என்பது பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? வேலைநிறுத்தம் அதற்குள் தோற்றுப்போயிருந்தது, பத்திரிகையும் நின்றுவிட்டது. யாராவது ஒருவர் அந்தக் கடைக்குப் போய், தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். முதலில் கோபத்தில் போகாதவர்கள் பிறகு வெட்கத்தில் போகவில்லை. கடை மூடியது. மத்துஷ் ரயில்பெட்டி கழுவும் வேலைக்குப் போனார். வயிறு வற்றியது, கன்னம் ஒட்டியது. தெருவில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. துரை என்று கூப்பிடவும் ஆளில்லை. இம்ரிக் அண்ணன் வீட்டு வழியாகப் போவதையே விட்டுவிட்டான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பவ்லினா ஆள் அனுப்பித்தான் கடைசியில் போனான். ஈர வேலையில் நெஞ்சில் சளி கட்டி மத்துஷ் படுத்துவிட்டிருந்தார். போர்வைக்கடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"வா துரை வரையறவனே" என்றார். "இப்ப வந்து என்ன பண்ண? துரைக்கு வயிறே இல்ல பாரு." சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது.

இம்ரிக் அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "என்னை மன்னிச்சிரு அண்ணே."

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சுடா. நீதான் இந்தப் பக்கமே வரல. எப்படிச் சொல்லுவேன்?"

அந்த வாரத்திலேயே அவர் போய்விட்டார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லிலும் இறந்தவரின் முகம் இருக்கும். பீங்கான் தட்டில் பதித்த நீள்வட்டப் படம். படம் இல்லாத கல்லை அநாதையின் கல் என்றுதான் நினைப்போம். கல் செதுக்குபவர் மத்துஷின் கல்லில் அதற்கான குழியை வெட்டி வைத்துவிட்டு, போட்டோ கேட்டார். பவ்லினாவிடம் ஏது போட்டோ? மற்ற வீடுகளில் பெட்டி பெட்டியாகப் பழைய 'உழைப்பாளி' இருந்தது. நூற்றுக்கணக்கான மத்துஷ்கள், கடைசிப் படத்தைத் தவிர எல்லார் வயிற்றிலும் குறி. அந்தக் கடைசிப் படத்திலும் இருந்தது துரையின் முகம்தான்.

"நீயே வரைஞ்சு குடு இம்ரி. அவர உனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். கண்ணை வரைந்தால் அது இடுங்கிக்கொண்டு வந்தது. வாயை வரைந்தால் சுருட்டைப் பிடித்த வாயாக ஒரு பக்கம் கோணிக்கொண்டு வந்தது. அழித்துவிட்டுப் போட்டாலும் அதே வாய். தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போன அண்ணன், காய்ச்சலில் நெற்றியைத் தொட்ட அண்ணன், படியில் நின்று அழுத அண்ணன், எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தது. கைக்குத்தான் அது எதுவும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது ஒரே முகம். குளிர்காலம் முழுவதும் வரைந்தான். கடைசியில் இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

பவ்லினா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவரில்ல."

"அண்ணி, இன்னொரு தடவ..."

"வேண்டாம் இம்ரி, விட்டுரு." அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "உன்னச் சொல்லி என்ன பண்ண? எனக்கே அவரு மூஞ்சி வரமாட்டேங்குது. கண்ண மூடுனா நீ வரைஞ்ச ஆளுதான் வந்து நிக்குறான்."

கல்லை அப்படியே நட்டார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும், பனிக்காலத்தில் உறைந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இம்ரிக் போய்க் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு வருவான். அதில் எந்த முகம் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல இன்று எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.