தாளிப்பில்லாத நாள்கள்

இன்று காலை மாடித் தொட்டியிலுள்ள கறிவேப்பிலைச் செடியில் பசும்புழு ஒன்றை விரல் தவறித் தீண்டிவிட்டேன். அது தலைக்குப் பின்னிருந்து சிவந்த கொம்பிரண்டை நீட்டி, நாரத்தை புளித்தாற்போன்ற மணமொன்றை வீசிற்று. கறிவேப்பிலையழகி எனப்படும் கரும்பட்டாம்பூச்சியின் புழு அது. இன்று அடையாளமே அற்றுப்போன எங்கள் தல்லாகுளத்து வீட்டின் பின்கட்டு அறையில் அந்த மணம் என்னைக் கொண்டு நிறுத்தியது.

சிறுவயதில் அம்மை கண்டு, வேப்பிலை பரப்பிய பாயில் நான் தனித்துக் கிடந்த அறை. தோழர்கள் மதிலுக்கு அப்பால் நின்றே, "மாப்ள, இன்னும் எம்புட்டு நாளுடா? ஆட்டத்துக்கு ஆள் குறையுதுடா!" என்று கூவிவிட்டு ஓடிவிடுவர். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கலாகாது என்பதால், சன்னலோரக் கறிவேப்பிலை மரத்தை எவரும் ஒடிக்கவில்லை. ஆதலால் பறவையெச்சம் போன்றிருந்த சிறுபுழுவொன்று, சன்னல்வழி விரல் பட்டால் இதே மணத்தை வீசி, என் கண்ணெதிரே இலையிலையாய்த் தின்று, பச்சை நிறம் பூண்டு, ஒரு கிளையில் நூலால் தன்னைப் பிணித்துக்கொண்டு கூடாயிற்று. அது திறக்கும் நாளை எண்ணியே நான் கண்விழித்தேன். வேறு துணை எனக்கில்லை.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, நான் கிணற்றடியிலிருந்து திரும்புவதற்குள் அடுக்களையில் கடுகு வெடித்தது. ஈரத்தலையோடு ஓடினேன். இலை உருவிய அக்கிளை, கூட்டோடு அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

"இம்புட்டு நாளும் உப்புச்சப்பில்லாமத் தின்னியேய்யா," என்று கண்கலங்கியபடி அம்மா ரசம் ஊற்றினாள். "நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றேன்.