சோக்கில் ஓடிய கார்

எங்கள் முதலாளிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் எதையும் இரண்டு தரம் கேட்பார். நீலச் சேலை முடிந்துவிட்டது என்று சொன்னால், “என்ன முடிஞ்ச? வெளங்கச் சொல்லு வதனி” என்பார். தீபாவளிக் கூட்டத்தில் நின்று விளங்கப்படுத்த யாருக்கு நேரம்? எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். இந்தப் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

புஹாரி முதலாளி பதுளையில் புடவைக் கடை வைத்திருப்பவர். இவருடைய வாப்பா துணி மூட்டையைத் தலையில் சுமந்து மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விற்றவர். மகனான இவர் தலையெடுத்ததும் பழைய ஸ்ரீ நம்பர் கார் ஒன்றை வாங்கினார். வாங்கினாரே தவிர அந்த மலை வளைவுகளில் ஓட்டத் தைரியம் வரவில்லை. அதனால் மடுல்சீமைத் தோட்டத்து ஆளான கணபதியைச் சாரதியாக வைத்துக்கொண்டார். சம்பளம் போடும் நாட்களில் இருவரும் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மலையேறுவார்கள். வழியில் ஒரு பொட்டலத்துச் சோற்றை இரண்டு பேரும் பிரித்துச் சாப்பிடுவார்கள். கூடப்பிறந்தவர்கள்கூட அப்படித் திரியமாட்டார்கள்.

தொண்ணூற்றேழில் அந்தக் கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கத் தொடங்கியது. ஒருநாள் பசறை தாண்டி நடுவழியில் நின்றே விட்டது. கடை வாசலில் நிறுத்தினால் அது கக்கும் கரும்புகையில் நான் தொங்கவிட்ட வெள்ளைச் சேலையெல்லாம் கரி. கணபதியை நான் திட்டாத நாளில்லை. கடையில் ஆட்கள் நிறைந்திருந்த ஒரு நேரம் பார்த்து அவர் கல்லாவுக்கு வந்தார்.

“மொதலாளி, வண்டி எந்நேரமும் சோக்குலயே ஓடுதுங்க.”

முதலாளி துணி கிழித்துக்கொண்டிருந்தார். “சோக்கா ஓடினா நல்லந்தானே” என்று நிமிராமலே சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் சோக்கு என்றால் அருமை. சேலையும் சோக்கு, சாப்பாடும் சோக்கு. நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். கார் சங்கதி எனக்கென்ன தெரியும்? கணபதி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சொல் முதலாளியைக் குடையத் தொடங்கியது. கார் அருமையாக ஓடுகிறது என்று ஓட்டுகிறவனே சொல்கிறான். அப்படியானால் பெட்ரோல் எங்கே போகிறது? நேரே கேட்டுத் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெட்ரோல் தாங்கியின் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்புப் பெல்ட்டில் செருகிக்கொண்டார். அந்தப் பூட்டோடுதான் கார் அடுத்த தரம் மடுல்சீமைக்குப் போனது. லயத்துச் சனம் முழுக்கப் பார்த்தது. திரும்பி வந்ததும் கணபதி கார்ச் சாவியைக் கல்லாமேல் வைத்துவிட்டு, ஊருக்குப் பஸ் ஏறினார்.

பிறகு மருமகன் ஷப்ராஸ் ஓட்டினார். பூட்டு அப்படியே இருந்தது, சாவி பெல்ட்டிலேயே இருந்தது, பெட்ரோல் மட்டும் முன்போலவே காணாமல் போனது. முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. கடைசியில் காரை லத்தீப்பின் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை ஷப்ராஸ்தான் எங்களுக்குச் சொன்னார்.

லத்தீப் பிளக்குகளைக் கழற்றினாராம், எல்லாம் அடுப்புக்கரி. பிறகு காற்று போகும் வாயைத் திறந்து பார்த்தாராம். குளிரில் எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் குமிழுக்குப் பெயர் சோக். அதை இழுத்தால் உள்ளே ஒரு தகடு மூடி, காற்றுக் குறைந்து பெட்ரோல் கூடுதலாக இறங்கும். எஞ்சின் சூடானதும் குமிழைத் தள்ளிவிட வேண்டும். இந்தக் காரில் குமிழ் உள்ளே போனது, ஆனால் கம்பி துருப்பிடித்து இறுகியதால் தகடு திறக்கவே இல்லை. முதலாளியை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் லத்தீப் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்:

“இது எந்நேரமும் சோக்குலதான் ஓடியிருக்கு, நானா.”

முதலாளி கராஜ் வாங்குப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். புதுக் கம்பி போட்டதும் புகை நின்றது, பெட்ரோல் செலவு பழைய அளவுக்கு வந்தது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. பொட்டலத்தைப் பிரிப்பார், பாதியை ஒதுக்கி வைப்பார், அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். களவெடுக்காதவனைக் கள்ளனாக்கிவிட்டேனே என்று என்னிடமே சொல்லி அழுதார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

அடுத்த கிழமை மடுல்சீமைக்குப் போனார். கணபதி மரியாதையாகத் தேத்தண்ணீர் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் வேண்டாம், பூட்டைப் பார்த்த சனத்துக்கு மட்டும் சொல்லிவிடுங்கள் என்றார். முதலாளி அன்றிரவு அங்கேயே தங்கி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டமே கூடும் பெரட்டுக்குப் போய் நின்றார். அவருடைய வாப்பாவிடம் சேலை வாங்கிய கிழவிகள்கூட அங்கே நின்றார்களாம்.

“கணபதி ஒண்டும் எடுக்கல்ல. அவன் சொன்னது எனக்குத்தான் வெளங்கல்ல” என்றார்.

பிறகு பூட்டைக் கழற்றிக் கணபதியின் கையில் கொடுத்து, திரும்ப வேலைக்கு வரும்படி கெஞ்சிக் கேட்டார். கணபதி அதை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வரலீங்க மொதலாளி. அன்னக்கி, ‘என்னா சொல்ற கணபதி’ன்னு ஒருவாட்டி திருப்பிக் கேட்டிருந்தீங்கன்னா போதுமுங்க.”

இப்போது எங்கள் எல்லோரிடமும் திருப்பிக் கேட்கிறார்.