ராகு காலத்து மாத்திரை

நோயாளி குணமாக ஆரம்பித்ததும் திட்டு வாங்குகிற உத்தியோகம் எங்களுடையது. மலேசியாவின் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. கிளினிக்கில் பதினான்கு வருடமாக மிஸ்ஸியாக இருக்கிறேன். என்னைப் போல் நர்ஸ் உடுப்பை மாட்டிக்கொண்டு கால் கடுக்க நிற்கும் சக பாவிகளே, இதைப் படித்து நீங்களும் ஒரு பெருமூச்சு விடுங்கள்.

ஐந்து வாரம்

சேகர் சுங்கை சிப்புட் லோரிக்காரர். தாங்க முடியாத தலைவலி என்று வந்தார். பார்த்தால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சை. எச்.ஐ.வி. அவருடைய எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டதால் நுழைந்தது. முதலில் பூஞ்சைக்கு மருந்து, ஐந்து வாரம் கழித்துத்தான் எச்.ஐ.வி. மாத்திரை என்றார் டாக்டர். எதிர்ப்புச் சக்தி அவசரப்பட்டு எழுந்தால் மூளை வீங்கி ஆளே போய்விடலாம்.

இதை நான் மூன்று முறை சொன்னேன். ஜெலாப்பாங் கையுறை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவர் மனைவி லலிதா மூன்று முறையும் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "மருந்த அலமாரியில வச்சிக்கிட்டே கொடுக்க மாட்டேங்கிறீங்க, இது என்னா நியாயம் லா மிஸ்ஸி?"

நான் முழுங்கிய பாதி

ஐந்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம் முதல் மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். காத்திருந்து ஆரம்பித்தாலும் சிலருக்கு வீக்கம் வரும், தலைவலி வந்தால் உடனே ஓடி வாருங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முந்தின மாதம் கோப்பெங்கிலிருந்து வந்த ஓர் அண்ணனிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனவர் இன்றுவரை திரும்பவில்லை.

அந்தப் பயத்தில் சேகரிடம், "இனிமே நல்லாயிடும்ண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். லலிதா மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பன்னெண்டரை, ராகு காலம் மிஸ்ஸி. பரவாயில்லையா?"

மூன்றாம் வாரம்

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் வாரம் சேகருக்குத் தலைவலி திரும்பியது. தப்பான நேரத்தில் ஆரம்பித்ததால்தான் மருந்து எதிர்க்கிறது என்று லலிதா முடிவு கட்டிவிட்டார். மாத்திரையை நிறுத்தி, சாமி படத்தின் முன்னால் வைத்து, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் புதிதாக ஆரம்பிக்கக் காத்திருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வருவதற்குள் சேகருக்குக் கண் மங்கிவிட்டது. சக்கர நாற்காலியில் அவரைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து மூளையின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். சில நாள் வைத்துப் பார்த்தும் அந்த நீரில் பூஞ்சை வளரவில்லை. பூஞ்சை செத்துவிட்டது, இது எதிர்ப்புச் சக்தி எழுந்ததால் வந்த வீக்கம், சிலருக்கு வரக்கூடியதுதான் என்று டாக்டர் லலிதாவிடம் விளக்கினார். நல்ல செய்திதான், ஆனால் லலிதாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேனே, அக்கா."

வீட்டுக்காரன்

வீக்கம் வடிய மருந்து கொடுத்து, எச்.ஐ.வி. மாத்திரையையும் டாக்டர் மறுபடி தொடங்கினார். இந்த முறை நான் எதையும் முழுங்கவில்லை. திருடன் புகுந்தபோது வீட்டுக்காரன் மயங்கிக் கிடந்தான், இப்போது எழுந்துவிட்டான், செத்துக் கிடக்கிற திருடனைப் போட்டு அடிக்கிறான், அதில் வீட்டுச் சாமான் உடைகிறது என்று சேகருக்கு விளக்கினேன். அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "அப்போ இத்தன நாளா என்னைய அடிச்சது நானேதானா, மிஸ்ஸி?"

வலது கண்

சேகர் பிழைத்துக்கொண்டார். வலது கண் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. லோரி ஓட்ட முடியாது, அதே கம்பெனியில் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கண்ணில் என் பங்கும் இருக்கிறது, அதை நான் மறக்கப் பார்ப்பதில்லை.

போன வாரம் மருந்து வாங்க வந்த லலிதா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு புது ஆளிடம், எனக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: "மிஸ்ஸி நல்லாயிடும்னு சொன்னா சும்மா எந்திரிச்சுப் போயிடாதீங்கண்ணே, எப்ப வலிக்கும்னு கேட்டுட்டுப் போங்க."

இப்போதெல்லாம் மாத்திரைக்கு முன்னால் வலியைத்தான் கொடுக்கிறேன், பயந்து ஓடுகிறவர்களுக்கு மறுநாள் காலையில் நானே போன் போட்டு, வாங்க வேண்டிய திட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறேன்.