மிதித்து இறுக்கிய தரை

2005-இல், மரக்காணத்தில் எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை ஒரே வளாகத்தில் வரவிருந்த பள்ளிக்கு நான்தான் வரைபடம் போட்டேன். மனையின் காவல்காரர் முன்பு உப்பளத்தில் வேலை செய்தவர். பாதமெல்லாம் வெடிப்பு. நின்ற இடத்தைக் குதிகாலால் மிதித்துப் பார்ப்பது அவர் பழக்கம்.

தரை சிமென்ட் போல இறுகியிருந்த மூலையைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருந்தேன்.

"இது உப்புப் பாத்தி சார். தண்ணி கீழ இறங்கக்கூடாதுன்னு நாங்க மிதிச்சு மிதிச்சு இறுக்குனது. மழை பேஞ்சா அப்படியே நிக்கும். பெரிய பசங்க எங்க?"

"மாடியில."

"சின்னதுங்க இங்கியா?"

"கட்டடத்த மேடாக்கிடுவோம்," என்றேன்.

"பசங்க விளையாடறது தரையிலதான சார்?"

நான் வரைபடத்தைச் சுருட்டினேன். மாற்றவில்லை.

அந்தப் பள்ளிக்கு இதுவரை கோடையில் மட்டுமே போயிருக்கிறேன்.