எண்ண முடியாத கயிறு

என் மாப்பிள்ளை பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதன் முன்பக்கத்தில் வின்ச் பொருத்தியது தொண்ணூறுகளின் கடைசியில். மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஓடைக்குள் சக்கரம் இறங்கி நிற்கும் அரிசி லாரிகளை வெளியே இழுப்பதும், கடலோரத் தீவான வைப்பின் கரையில் மணலில் புதைந்த மீன்பிடி வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றுவதும் அவருடைய தொழில். வின்ச் என்பது மோட்டாரில் சுழலும் ஓர் உருளைதான். அதில் கம்பிக்கயிறு சுற்றியிருக்கும், நுனியில் கொக்கி இருக்கும்.

நான் கிட்டங்கியில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ண எதுவும் இல்லாத காலைகள் எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் ஜீப் கிளம்பும் முன் பழைய பனியன் துணியால் அந்தக் கம்பிக்கயிற்றைப் பிடித்து நெடுக உருவுவேன். துணி மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கம்பி அறுந்திருக்கும். எண்ணிக்கை கூடியிருந்தால் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவேன், அந்தப் பகுதியை வெட்டிவிடுவார்.

இழுக்கும்போது கயிற்றின் மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அரிசிக் கிட்டங்கிகள் இருக்கும் ஊரில் சாக்குக்குப் பஞ்சமில்லை. கம்பிக்கயிறு அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி வரும். சாக்கின் கனம் அதைக் கீழே அமுக்கும் என்பது கணக்கு. ஜீப்பின் பானட்டையும் தூக்கி வைத்து, அதன் பின்னால்தான் மாப்பிள்ளை நிற்பார்.

சில வருடம் கழித்து ஒரு மழைநாளில் சந்துக்குள் அந்தக் கயிறு அறுந்தது. சாக்கையும் இழுத்துக்கொண்டு வந்த கம்பி, தூக்கி வைத்திருந்த பானட்டில் அடித்துப் பள்ளமாக்கியது. மாலையில் ஜீப் வீட்டுக்கு வந்ததும் என் மகள் அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கை முழுவதும் உள்ளே போனது. பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளை, கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டைக் கொண்டுவந்தார். செயற்கை இழையில் பின்னியது. விரல் தடிமன்தான். கம்பி இழுக்கும் பாரத்தை இதுவும் இழுக்கும் என்றார்.

"பொட்டினா அப்படியே கீழ விழும் மாமா. திரும்பி அடிக்காது."

"பொட்டறதுக்கு முன்னாடி எப்படித் தெரியும்? கம்பின்னா ஒண்ணொண்ணா அறுந்து காட்டிக் கொடுக்கும். இதுல என்னத்த எண்ணறது?"

"நீங்க எண்ணறதுக்குத் தோதா ஒரு ஜபமாலை வாங்கித் தரேம்ப்பா," என்றாள் மகள். "ஜீப்புக்கு இது இருக்கட்டும்."

வெயில் இழையைக் கெடுக்கும், மணல் உள்ளே புகுந்து அறுக்கும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் கயிறு அறுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுந்தால் எதிரே நிற்கிறவன் என்ன ஆவான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறாத கயிறு ஒண்ணு காட்டுங்கப்பா, அதையே வாங்கிடலாம்," என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

புதுக் கயிறு வந்தது. உருளையில் கம்பி உரசி முள்ளுமுள்ளாகிப் போயிருந்த இடங்களை லேத்தில் கொடுத்து வழவழப்பாக்கி அதைச் சுற்றினார்கள். கழற்றிய கம்பிக்கயிற்றை விற்க நான் விடவில்லை. எண்ணெய் தடவிக் கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்தேன்.

வைப்பினில் வள்ளக்காரர் ஒருவர் உண்டு, மாப்பிள்ளைக்கு நிரந்தர வாடிக்கை. புதுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "சேட்டா, இது துணி உணக்கான் உள்ள கயிறல்லே?" என்றாராம். துணி காயப்போடும் கயிறு என்று கேலி. கேலி செய்தாலும் வழக்கத்தை அவர் விடவில்லை. சாக்கை அலையில் முக்கி, மணலில் இழுத்து வந்து, அந்தக் கயிற்றின் மேலும் போட்டார். மாப்பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்குக்கூட ஆறுதலாகத்தான் இருந்தது.

சில மாதத்தில் கயிறு முழுக்கப் பஞ்சு கட்டியது. பிசிறிய இழைகளை எண்ண உட்கார்ந்தேன். ஒரு சாண் நீளத்துக்குள்ளேயே கணக்கு விட்டுப்போனது.

"புதுச் சட்டைகூடத்தான் பஞ்சு கட்டும் மாமா. மேல பஞ்சு கட்டினா உள்ள பத்திரம்னு கடைல சொன்னா."

மனம் கேட்கவில்லை. அடுத்த முறை நானும், வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் ஜங்காரில் வைப்பினுக்குப் போனேன். அங்கே பார்த்தது கயிற்றைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது. பானட் மூடியே கிடந்தது. கம்பிக்கயிறு இருந்தபோது தென்னைமரத்துக்கு அப்பால் நின்ற ஆட்கள் இப்போது கயிற்றை ஒட்டி நின்று பீடி பிடித்தார்கள். உருளை சுற்றச் சுற்ற சாக்கு ஜீப்பை நோக்கி வரும். முன்னெல்லாம் அதை எடுக்க மாப்பிள்ளை மோட்டாரை நிறுத்திக் கயிற்றைத் தளர்த்துவார். அன்று ஒரு கையில் சுவிட்சை அழுத்திக்கொண்டே, மறு கையால் சாக்கை எடுக்கக் குனிந்தார்.

"நிறுத்திட்டு எடுங்கோ மாப்பிள்ளை."

"ஆச்சு மாமா, இதோ."

டப் என்று சத்தம், அவ்வளவுதான். வள்ளம் கொஞ்சம் பின்னால் நழுவி மணலில் குத்தி நின்றது. கயிறு அவருடைய பாதத்தின் மேல் கிடந்தது. கையில் சாக்கோடு நின்றவர் முதலில் சிரித்தார். பிறகு மெதுவாக மணலில் உட்கார்ந்தார்.

அறுந்த முனையை வள்ளக்காரர் பிரித்துக் காட்டினார். இழைகளுக்கு நடுவில் மணல். எல்லாம் சாக்கில் வந்த மணல்.

திரும்பும்போது ஜங்காரில் மாப்பிள்ளை சொன்னார், "நீங்க சொன்ன மாதிரியே அறுந்துது, மாமா."

"நீங்க சொன்ன மாதிரி கீழ விழுந்துது," என்றேன். அந்தப் பானட் பள்ளம்தான் கண்ணில் நின்றது.

மறுநாள் காலை கட்டிலுக்கடியில் இருந்த கம்பிக்கயிற்றை ஆட்டோவில் ஏற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தேன். கெட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டு மாப்பிள்ளை மீதியைத் திரும்பச் சுற்றினார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது என் வேலையாயிற்று. சாக்கு போடுவதை நிறுத்தினார்கள். மோட்டாரை நிறுத்தாமல் கயிற்றுக்கிட்டே போவதில்லை என்று மகளிடம் அவரைச் சொல்ல வைத்தேன். ஏன் என்று அவள் கேட்டாள். கயிறு அறுந்ததை நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

வெட்டிய துண்டைப் புறக்கடையில் கொடியாகக் கட்டினேன். மகள் அதன் பிய்ந்த முனையைச் சற்று நேரம் விரலில் உருட்டிப் பார்த்தாள். பிறகு வாளியிலிருந்து மாப்பிள்ளையின் சட்டையை எடுத்து உதறி அதில் போட்டாள்.