பின்னால் பார்க்கும் பறவை

என் சித்தி எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்திரண்டு வருடங்களாக ஒரே மருத்துவமனையில், ஜன்னல் இல்லாத ஒரே அறையில், "மூச்ச இழுத்துப் பிடிங்க... இப்ப விடலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வரும்போது சித்தப்பா இதையே சொல்லிக் கேலி செய்வார். சித்தி சிரிக்க மாட்டார். அடுப்பை அணைப்பார்.

வேலை முடிந்து வந்தால் அவருக்கு இன்னொரு அறை. அங்கே செருப்புப் பெட்டிகளில் பழைய வீடியோ கேம் கேசட்டுகள் பெயர் ஒட்டி அடுக்கியிருக்கும். வீடு மாறியவர்கள் தூக்கிப் போட்டவை, கடை மூடியபோது எடைக்குப் போனவை. கேசட்டின் செப்புப் பற்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உள்ளங்கை அளவு கருவியில் செருகி, உள்ளே இருப்பதைக் கணினிக்கு எடுப்பார். ஒவ்வொன்றையும் மூன்று முறை. மூன்றும் அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் தன் இணையதளத்தில் ஏற்றுவார். பழைய விளையாட்டுப் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருள் இருந்தால், யாரும் அதை எடுத்து ஆடலாம். மொத்தம் நூற்று அறுபத்திரண்டு விளையாட்டுகள். அவற்றில் நாற்பதுக்கு வேறெங்கும் பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியாது.

நான் அந்த அறையின் மூலையில் கவிதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். வந்தவனைப் பேசச் சொல்லி வற்புறுத்தாத வீடு அது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மின்னஞ்சலில் நோட்டீஸ் வந்தது. பழைய விளையாட்டுகளின் உரிமையை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் ஒரு நிறுவனம் அனுப்பியது. தளத்தில் உள்ள ஒன்பது விளையாட்டுகள் தங்களுடையவை, பத்து நாளில் அவற்றின் எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும் என்றது. தளத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் புகார் போயிருந்தது. கெடு தாண்டினால் முழுத் தளத்தையும் மூடிவிடுவோம் என்று அவர்களும் எழுதிவிட்டார்கள்.

சித்தப்பா சித்தியின் தோளுக்கு மேலாக அதைப் படித்தார். "ஒம்பதுதானம்மா, அழிச்சுத் தொலை. மத்ததாவது பொழைக்கும்" என்றார்.

சித்தி அந்த ஒன்பதின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடினார். மூன்று மட்டும் இப்போது விற்பனையில் இருந்தன. மீதி ஆறும் எந்தக் கடையிலும் இல்லை.

"விக்கிற மூணையும் எடுத்துடுறேன். அது அவங்க உரிமை, நியாயம்தான். விக்காத ஆறையும் நான் அழிச்சிட்டா, அப்புறம் அது எங்கதாங்க இருக்கும்?"

அன்றே மூன்றையும் தளத்திலிருந்து எடுத்தார். ஆனால் எதையும் ஒத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. விற்பனையில் இருந்த மூன்றையும் வாங்கி, தன் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்தார். மூன்றாவது, ஆற்றில் படகு ஓட்டும் விளையாட்டு. நான்காம் கட்டத்தில் கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர்கள் விற்ற பிரதியிலும் படகின் முனையில் ஒரு சின்னப் பறவை. படகு முன்னால் போகிறது, பறவை பின்னால் பார்க்கிறது.

அந்தப் பறவையின் கதை எனக்குத் தெரியும். ஐந்து வருடங்களுக்கு முன் அந்தக் கேசட்டை முதல் தடவை எடுத்து முடித்ததுமே அதன் சிப்பு உயிரை விட்டது. கிடைத்த ஒரே பிரதியில் பறவை இருந்த இடம் மட்டும் சிதைந்திருந்தது. அட்டைப்பெட்டிப் படத்தைப் பார்த்து சித்தி தானே புள்ளி புள்ளியாக அதை வரைந்து சேர்த்து, மூன்று முறை என்ற விதியை அந்த ஒன்றுக்கு மட்டும் விட்டுத் தளத்தில் ஏற்றினார். எக்ஸ்ரே படத்தில் நோயாளியின் இடது பக்கம் பார்ப்பவருக்கு வலது பக்கமாகத் தெரியும். இத்தனை வருடப் பழக்கத்தில் கண்ணும் கையும் தாமாகவே பக்கத்தை மாற்றிக்கொள்ள, பறவை பின்னால் திரும்பிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் தவறு தெரிந்தபோது, வரைந்தது வரைந்ததாகவே தெரியட்டும் என்று அவர் அதைத் திருத்தவில்லை. "பறவை மட்டும் நான் வரைந்தது, திசை தவறு" என்று தளத்துக் குறிப்பில் எழுதிவைத்தார். குறிப்பையெல்லாம் யார் படிக்கிறார்கள்.

இரண்டு பிரதிகளிலும் பறவை தெரியும் திரைப் படங்களையும் அந்தக் குறிப்பையும் இணைத்து நிறுவனத்துக்குப் பதில் அனுப்பினார். எட்டாம் நாள் நிறுவனத்தின் வக்கீல் போனில் வந்தார். சித்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, துவைத்த துணியை மடித்துக்கொண்டே பேசினார்.

"என்ன மேடம், எங்க விளையாட்டு உங்களுதுங்கிறீங்களா?"

"இல்ல சார். விளையாட்டு உங்களுது. பறவை மட்டும் என்னுது. உங்ககிட்ட அசல் இருந்திருந்தா அது நேரா பாத்திருக்கும்."

அந்தப் பக்கம் வக்கீல் எதையோ தேடித் தட்டும் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"என் பிரதிய அழிக்கச் சொல்றீங்க. அன்னிக்கே அழிச்சிருந்தா இன்னிக்கு நீங்க எதை வித்திருப்பீங்க?"

என்னதான் வேண்டும் என்று வக்கீல் கேட்டார். குரல் இறங்கியிருந்தது. சித்தி ஒரு சட்டையின் கையை மடக்கியபடி சொன்னார்: அந்த ஆறும் தளத்தில் இருக்கும். எதை விற்க ஆரம்பிக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள், அன்றே எடுத்துவிடுகிறேன். என் வீட்டு அலமாரியில் நான் வைத்திருக்கும் பிரதிகளில் கை வைக்காதீர்கள். இதைத் தளத்துக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வக்கீல் வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் சித்தி வேலைக்குப் போய்விட்டு வழக்கமான நேரத்துக்குத்தான் திரும்பினார். கைகால் கழுவி, கணினி முன் உட்கார்ந்தார். சித்தப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தளம் திறந்தது. மின்னஞ்சல் பெட்டியில் நிறுவனத்தின் கடிதம் இருந்தது: அந்த ஆறின் மீதான புகாரைத் திரும்பப் பெறுகிறோம், தளம் மூடப்படாது, உங்கள் அலமாரியைப் பற்றி எங்களுக்குக் கேள்வி இல்லை. கடைசி வரியில், பறவையை நேராகத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

இன்னொரு கேசட் கிடைக்கட்டும், மூன்று தடவை எடுத்து ஒத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சித்தி அப்போதே பதில் போட்டார். பிறகு திரும்பி, இன்னும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்த சித்தப்பாவைப் பார்த்தார்.

"இப்ப விடலாம்" என்றார்.